முதலில் பதிவெண், பிறகு பெட்டி: பழைய புரொபெல்லர் சரக்கு விமான மாதிரிகளைச் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் படும் இடர்களில் முக்கால்வாசி ஒரே வேரிலிருந்து முளைப்பவை. மாதிரியை முதலில் வாங்குகிறார்கள். விமானத்தைப் பற்றி அப்புறம் படிக்கிறார்கள். இன்றைய ஜெட் பயணிகள் விமானங்களில் இப்படிச் செய்தாலும் பெரிய நட்டமில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே ரக விமானங்கள் பத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

பழைய சரக்கு விமானங்கள் அப்படியல்ல. ஒன்று ராணுவத்திலிருந்து வந்திருக்கும். பக்கத்தில் நிற்பது பல ஆண்டுகள் பயணிகளைச் சுமந்துவிட்டுச் சரக்குக்கு மாறியிருக்கும். மூன்றாவதற்குப் பின்னாளில் மூக்கில் ரேடார் பொருத்தியிருப்பார்கள். ஒரே ஓடுதளத்தில் நிற்கும் மூன்று டிசி-6களை (டக்ளஸ் நிறுவனத்தின் நான்கு எஞ்சின் விமானம்) பார்த்தால் சன்னல், கதவு, மூக்கு எல்லாமே வேறுபடலாம். இந்த வேறுபாடுதான் இவற்றைச் சேகரிப்பதன் உயிர். அதனால்தான் கீழுள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்று சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மில்லிமீட்டர் காட்டும் காலிப்பர் ஒன்று, நல்ல பூதக்கண்ணாடி ஒன்று, மென்மையான ஓவியத் தூரிகை ஒன்று, சமமான கண்ணாடித் துண்டு ஒன்று, நைட்ரைல் கையுறைகள், ஒரு நோட்டுப் புத்தகம். இவை போதும்.

பருத்திக் கையுறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் பரிந்துரைப்பதில்லை. அதன் நூலிழை ஆண்டெனாவில் மாட்டிக்கொண்டு அதை வேரோடு பிடுங்கிவிடும். கண்ணாடித் துண்டு எதற்கு என்பது ஆறாம் படியில் தெரியும்.

1. அலமாரியை அளந்த பிறகே விகிதத்தை முடிவு செய்யுங்கள்

விகிதம் என்பது மாதிரி உண்மையான விமானத்தைவிட எத்தனை மடங்கு சிறியது என்பது. இந்தத் துறையில் அதிகம் கிடைப்பவை 1:72, 1:144, 1:200, 1:400. முதல் இரண்டில் பிளாஸ்டிக் கிட்கள் (நாமே ஒட்டிக் கட்டும் துண்டுத் தொகுப்புகள்) அதிகம். கடைசி இரண்டில் ஆயத்தமாக வரும் டை-காஸ்ட் உலோக மாதிரிகள் அதிகம்.

ஒரு டிசி-3இன் இறக்கை விரிவு சுமார் 29 மீட்டர். 1:72இல் அது 40 சென்டிமீட்டர், 1:144இல் 20, 1:200இல் 14.5, 1:400இல் 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். டிசி-6இன் விரிவு 35.8 மீட்டர், 1:200இல் அது 18 சென்டிமீட்டரைத் தொடும். சி-130 ஹெர்குலிஸின் விரிவு 40.4 மீட்டர், 1:72இல் அது 56 சென்டிமீட்டர். அப்படி நான்கு ஹெர்குலிஸ் வைக்க ஒரு முழுச் சுவர் வேண்டும்.

அலமாரியின் அகலத்தை மட்டும் அளப்பது இங்கே நடக்கும் முதல் தவறு. ஆழத்தையும் அளக்க வேண்டும். டிசி-6இன் சரக்கு ரகமான டிசி-6ஏயின் நீளம் 32 மீட்டருக்குச் சற்று மேல். 1:200இல் 16 சென்டிமீட்டர். முன்னும் பின்னும் கை நுழைய இடம் விட்டால் 22 சென்டிமீட்டர் ஆழம் இல்லாத தட்டு பயன்படாது. பலர் மாதிரியைக் குறுக்காகத் திருப்பி வைத்துச் சமாளிக்கிறார்கள். அப்போது அடுத்தடுத்த விமானங்களின் இறக்கை நுனிகள் உரசும்.

விகிதங்களைக் கலக்காதீர்கள். சரக்கு விமானங்களில் அளவு ஒப்பீடுதான் பாதிச் சுவை. அன்டோனோவ் ஏஎன்-2 என்ற சிறிய இரட்டை இறக்கை விமானம் ஏஎன்-12இன் அருகில் நிற்கும்போது, ஏன் ஒன்று கிராமத்துப் புல்வெளிக்கும் மற்றது பெரிய ஓடுதளத்துக்கும் போனது என்பது சொல்லாமலே விளங்கும். ஒன்றை 1:72இலும் மற்றதை 1:200இலும் வாங்கினால் அந்தப் பேச்சே எழாது.

என் கருத்து: கட்டுவதில் விருப்பம் உள்ளவர்களுக்கு 1:144, ஆயத்தமாக வாங்குபவர்களுக்கு 1:200. 1:400இல் புரொபெல்லர் பிளேடுகள் மயிரிழைபோல் ஆகிவிடுகின்றன. இந்த விமானங்களின் முகமே புரொபெல்லர்தான்.

2. தொகுப்பைக் கட்டும் ஒரு சரடு வேண்டும்

“பழைய சரக்கு விமானங்கள்” என்பது மிகப் பெரிய வட்டம். எல்லையில்லாமல் தொடங்குபவர்கள் பத்தாவது மாதிரிக்குள் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். பத்தும் ஒன்றோடொன்று பேசாமல் நிற்கும்.

சரடு பல வகையில் அமையலாம். ஒரு நிகழ்வை எடுக்கலாம்: 1948 ஜூன் முதல் 1949 செப்டம்பர் வரை முற்றுகையில் இருந்த மேற்குப் பெர்லினுக்கு நடந்த வான்வழி விநியோகத்தில் சி-47 (டிசி-3இன் ராணுவ வடிவம்), சி-54 (டிசி-4இன் ராணுவ வடிவம்), ஆவ்ரோ யார்க், ஹேண்ட்லி பேஜ் ஹேஸ்டிங்ஸ் எல்லாம் பறந்தன. ஓர் இடத்தை எடுக்கலாம்: கனடாவின் யெல்லோநைஃபில் பஃபலோ ஏர்வேஸ் பறக்கவிட்ட டிசி-3, டிசி-4, சி-46, எலெக்ட்ரா, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் எவர்ட்ஸ் ஏர் கார்கோவின் டிசி-6, சி-46. ஒரே குடும்பத்தையும் எடுக்கலாம்: 1935இல் பறந்த முதல் டிசி-3 தொடங்கி, உடலை நீட்டி டர்போபுரொப் எஞ்சின்கள் (புரொபெல்லரைச் சுழற்றும் ஜெட் வகை) பொருத்திய பாஸ்லர் பிடி-67 வரை.

நான் எடுத்த சரடு கதவு. சரக்கு எந்த வழியாக உள்ளே போகிறது என்பதே ஒவ்வொரு விமானத்தின் உருவத்தையும் தீர்மானித்திருக்கிறது. சி-47க்கு இடப்பக்கம் பெரிய இரட்டைக் கதவு. பிரிஸ்டல் ஃப்ரைட்டருக்கு மூக்கே இரண்டாகத் திறக்கும். பழைய டிசி-4களை மாற்றிக் கட்டிய கார்வேரில், கார்கள் மூக்கு வழியாக நேரே ஏற வேண்டும் என்பதற்காக விமானி அறையை மேலே தூக்கி வைத்தார்கள். அந்தப் புடைத்த நெற்றிக்குக் காரணம் அதுதான். அப்படி ஆனவை மொத்தம் 21. கனடேர் சிஎல்-44இல் வாலே பக்கவாட்டில் மடங்கித் திறக்கும். சி-130இல் பின்புறச் சாய்தளம். சி-119இன் இரட்டை வால்தண்டுகளும் பின்கதவுக்கு வழிவிடத்தான். இப்படி அடுக்கும்போது அலமாரியின் முன் நிற்பவர் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்.

சரடு எதுவானாலும் சரி, அதை ஒரே வாக்கியத்தில் நோட்டில் எழுதிவையுங்கள். அந்த வாக்கியத்துக்குள் வராத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் இருக்க அது உதவும்.

3. ரகத்தை அல்ல, ஒரு தனி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். அவசரப்பட வேண்டாம்.

“எனக்கு ஒரு டிசி-6 வேண்டும்” என்று தேடாதீர்கள். “இந்தப் பதிவெண் கொண்ட டிசி-6, இந்த ஆண்டில் இருந்தபடி வேண்டும்” என்று தேடுங்கள். பதிவெண் என்பது வாலிலோ உடலிலோ பெரிதாக எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும். அது நிரந்தரமல்ல. விமானம் வேறு நாட்டுக்கு விற்கப்பட்டால் பதிவெண் மாறும். பழைய பதிவெண் பின்னர் வேறொரு விமானத்துக்குப் போவதும் உண்டு. எனவே கூடவே உற்பத்தி வரிசை எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் இட்ட அந்த எண் விமானத்தின் வாழ்நாள் முழுவதும் மாறாது.

ஆண்டு எதற்கு? நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழைத்த விமானம் ஒரே தோற்றத்தில் இருந்திருக்காது. வண்ணம் மாறும், சன்னல் அடைபடும், மூக்கு நீளும். ராணுவச் சி-47ஆகப் பிறந்த பல விமானங்களில் விமானி அறைக்குப் பின்னால், விண்மீன் பார்த்துத் திசையறிய ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருந்தது. குடிமைப் பணிக்கு வந்தபின் பலவற்றில் அதை மூடிவிட்டார்கள். குமிழோடு கூடிய மாதிரியில் பிற்கால நிறுவன வண்ணம் பூசியிருந்தால் அது எந்த நாளின் விமானம் என்று யாராலும் சொல்ல முடியாது.

குறைந்தது மூன்று புகைப்படங்களாவது சேருங்கள்: இடப்பக்கம், வலப்பக்கம், முன்புறம். மூன்றிலும் எடுத்த தேதி தெரிய வேண்டும். தேதி இல்லாத படம் வழிதவறச் செய்யும். இடப்பக்கப் படத்தை மட்டும் வைத்து வாங்குவதும் வழக்கமான பிழை. பெரிய சரக்குக் கதவு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், மறுபக்கத்தில் சன்னல் வரிசை வேறாக இருக்கும்.

4. மாதிரியின் அச்சு அந்த விமானத்துக்கு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்

தயாரிப்பாளர்கள் ஒரே அச்சில் வார்த்து, மேலே பல நிறுவனங்களின் வண்ணங்களை அச்சிடுகிறார்கள். வண்ணம் சரியாக இருக்கும், உடல் தவறாக இருக்கும். நான் ஆசையாக வாங்கிய முதல் டிசி-6ஏ இப்படித்தான் ஏமாற்றியது. உண்மை விமானத்துக்குச் சன்னல்களே கிடையாது. மாதிரியிலோ பயணிகள் ரகத்தின் சன்னல் பள்ளங்கள் வரிசையாக உலோகத்தில் பதிந்திருந்தன. அதன் மேல் அலுமினிய நிறம் பூசியிருந்ததால் விற்பனைப் படத்தில் தெரியவில்லை. கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தபோதுதான் தெரிந்தது.

டக்ளஸ் குடும்பத்தைப் பிரித்தறிய அளவுகோலே போதும். டிசி-4, டிசி-6 இரண்டுக்கும் இறக்கை விரிவு ஒன்றே. நீளம்தான் வேறு: டிசி-4 28.6 மீட்டர், முதல் டிசி-6 30.7, டிசி-6ஏ மற்றும் பயணிகள் ரகமான 6பி 32.2. 1:200இல் இவை முறையே 14.3, 15.3, 16.1 சென்டிமீட்டர். விற்பவரிடம் நீளத்தைக் கேளுங்கள். பதில் வந்ததும் பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

அடுத்து பிளேடுகளை எண்ணுங்கள். டிசி-6க்கு மூன்று பிளேடு, டிசி-7க்கு நான்கு. ஹெர்குலிஸில் தொடக்கக் காலச் சி-130ஏக்கு மூன்று, பின்வந்த நீண்ட வரிசைக்கு நான்கு, சி-130ஜேக்கு ஆறு. பிளேடு எண்ணிக்கை தவறினால் எஞ்சினும் காலமும் தவறிவிட்டன என்று பொருள்.

பிறகு கதவு. டிசி-6ஏக்கு இடப்பக்கம் இறக்கைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சரக்குக் கதவுகள். பயணிகள் ரகத்திலிருந்து மாற்றியவற்றில் இந்த அமைப்பு மாறும். டிசி-6பிக்களில் இரண்டு, வால் மடங்கித் திறக்கும்படிகூட மாற்றப்பட்டன. எனவே ரகத்தின் பெயரை நம்பாமல், மூன்றாம் படியில் சேர்த்த படங்களை நம்புங்கள்.

கடைசியாக வாலின் நுனி. பயணிகள் டிசி-3இல் அது கூம்பாக முடியும். சி-47இல் கிளைடரை (எஞ்சினில்லாத விமானம்) இழுக்கும் கொக்கிக்காக அதை வெட்டியிருப்பார்கள். சிறிய விவரம்தான். ஆனால் அச்சு எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

5. உலோகமா, பிளாஸ்டிக்கா?

டை-காஸ்ட் மாதிரி துத்தநாகக் கலவையில் வார்த்தது. கனமாக, பெட்டியிலிருந்து எடுத்ததும் நிற்கும். இந்தத் துறையில் 1:400க்கு ஏரோகிளாசிக்ஸ், 1:200க்கு ஹாபி மாஸ்டர், 1:144க்குக் கார்கி ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும். உங்கள் விமானத்தின் பதிவெண்ணில் யாரும் வெளியிடாவிட்டால் இந்த வழி அடைபடும்.

கிட்டில் அந்தத் தடை இல்லை. 1:72இல் ஏர்ஃபிக்ஸின் சி-47, ரோடனின் ஏஎன்-12, ஸ்வெஸ்டாவின் சி-130, 1:144இல் மினிகிராஃப்ட்டின் டிசி-4, டிசி-6 ஆகியவை அடித்தளமாக அமையும். டெக்கால் தாளை (தண்ணீரில் நனைத்து மாதிரியில் ஒட்டும் எழுத்தும் படமும்) தனியாக வாங்கி எந்தப் பதிவெண்ணையும் எழுதலாம், சன்னலை அடைக்கலாம், கதவை மாற்றலாம். அதற்கு நேரம் வேண்டும்.

முதல் மூன்று மாதிரிகளை ஆயத்தமானவையாக வாங்கிவிட்டுப் பிறகு கிட்டுக்குப் போங்கள். கண் பழகிய பின் கை பழகுவது எளிது.

6. பழைய மாதிரியை வாங்கும் முன் கேட்க வேண்டிய படங்கள்

நிறுத்தப்பட்ட வெளியீடுகளைத்தான் நாம் பெரும்பாலும் தேடுவோம். அவை இரண்டாம் கையாகவே வரும். விற்பவரிடம் ஐந்து படங்கள் கேளுங்கள்: இரு பக்கம், மேலிருந்து, கீழிருந்து, கண்மட்டத்தில் நேர் முன்னிருந்து.

முன்படம்தான் உண்மையைச் சொல்லும். இரு இறக்கைகளும் ஒரே கோணத்தில் உயர்கின்றனவா, எஞ்சின்கள் ஒரே வரிசையில் உள்ளனவா என்பது அதில் மட்டுமே தெரியும். டிசி-6 என்றால் பன்னிரண்டு பிளேடுகளையும் எண்ணுங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் மாற்று கிடைப்பது அரிது.

இதையெல்லாம்விட ஆபத்தானது துத்தநாக அரிப்பு. வார்ப்பில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே சிதையும். ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். வண்ணத்தின் அடியில் சிலந்தி வலைபோன்ற விரிசல், கொப்புளம், காரணமின்றி வளைந்த இறக்கை ஆகியவை அறிகுறிகள். இதற்கு மருந்தில்லை. பக்கத்து மாதிரிக்குத் தொற்றாது என்பது மட்டுமே ஆறுதல். ஒட்டிச் சரிசெய்யலாம் என்று நினைத்து வாங்கியவர்கள் ஓரிரு ஆண்டுகளில் பொடியைத்தான் அள்ளினார்கள்.

மாதிரி கைக்கு வந்ததும் கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்துங்கள். எல்லாச் சக்கரங்களும் தொட வேண்டும். ஒன்று அந்தரத்தில் நின்றால், கால் வளைந்திருக்கிறதா, இறக்கையே முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முன்னதைத் திருத்தலாம், பின்னதைத் திருப்பி அனுப்புங்கள்.

7. பெட்டியைத் திறக்கும் முறை

உடைசல்களில் பெரும்பங்கு பெட்டியிலிருந்து எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் நடக்கிறது. மாதிரியைப் பிடித்து இழுக்காதீர்கள். மேல் அச்சுத் தகட்டை எடுத்துவிட்டு, கீழ்த் தகட்டை இரு கைகளாலும் லேசாக விரித்தால் மாதிரி தானே விடுபடும். பிறகு வயிற்றுப் பகுதியில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பிடித்துத் தூக்குங்கள். எஞ்சினைப் பிடிக்கக் கூடாது. விரல் நுனி பிளேடில் படும்.

காலியான பெட்டிக்குள் மறுபடியும் பாருங்கள். ஆண்டெனா, கூடுதல் சக்கரக் கதவு போன்ற துண்டுகள் சிறு பையில் மூலையில் கிடக்கும்.

8. கிட் கட்டுபவர்களுக்கு: மூக்கில் எடை

டிசி-3, சி-46 ஆகியவற்றுக்கு வால் சக்கரம், கவலையில்லை. டிசி-4, டிசி-6, கான்ஸ்டலேஷன் ஆகியவற்றுக்கு மூக்குச் சக்கரம். எடை வைக்காவிட்டால் வாலில் குந்திவிடும். உண்மையான டிசி-4களுக்கே சரக்கு ஏற்றும்போது வாலுக்கு முட்டுக்கம்பி கொடுத்தார்கள். மாதிரியிலும் ஒரு கம்பியை நிறுத்தினால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

எடையை, உடலின் இரு பாதிகளை ஒட்டும் முன் வைக்க வேண்டும். பாதிகளை டேப்பால் கட்டி, இறக்கையையும் சேர்த்து, முதன்மைச் சக்கரம் வரும் இடத்தில் இரு விரல்களால் தாங்கிப் பாருங்கள். மூக்கு தெளிவாகக் கீழே சாயும்வரை எடை சேருங்கள். வண்ணமும் வார்னிஷும் வாலில் எடை கூட்டும் என்பதால் கொஞ்சம் மிகையாகவே வையுங்கள். மூக்கில் இடம் போதாவிட்டால் எஞ்சின் கூடுகளுக்குள் வைக்கலாம். அவையும் சக்கரத்துக்கு முன்னால்தான் இருக்கின்றன.

ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். ஈயம் அந்தப் பசையோடு மெல்ல வினைபுரிந்து பருத்து, சில ஆண்டுகளில் உடலைப் பிளந்துவிடும். எபாக்ஸி பசையைப் பயன்படுத்துங்கள்.

பழைய டெக்கால் மஞ்சளித்திருந்தால், சன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டிவைத்தால் வெளுக்கும். ஒட்டும் முன், தேவையில்லாத ஓர் எழுத்தைத் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். அது நொறுங்கினால் முழுத் தாளின் மேலும் வார்னிஷ் பூசி உலர்த்திய பிறகே தொடலாம். மாதிரியின் மேற்பரப்பு பளபளப்பாக இருக்கும்போது ஒட்டுங்கள்; மங்கலான பரப்பில் காற்று சிக்கி டெக்காலுக்கு அடியில் வெள்ளி நிறம் தெரியும்.

எண்ணெய்க் கறையும் புகைத் தடமும் பழைய விமானத்துக்கு அழகு. ஆனால் படத்தைப் பார்த்தே இடுங்கள். காற்று அடிக்கும் திசையில், எஞ்சினிலிருந்து பின்னோக்கி, நான்கு எஞ்சினுக்கும் நான்கு விதமாக. நான்கையும் ஒரே அளவில் கறைப்படுத்தினால் பூசியது என்று தெரிந்துவிடும்.

9. வைக்கும் இடம்

நேர் வெயில் கூடாது. வண்ணம் மங்கும், வெள்ளை மஞ்சளாகும். கண்ணாடிக் கதவும் எல்இடி விளக்கும் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. சிலிக்கா ஜெல் வைப்பவர்கள் அதை மறந்துவிடாமல் மாற்ற வேண்டும்.

ஈயம் கலந்த வெள்ளை உலோக மாதிரி இருந்தால் புதிய மரப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கும். பிவிசி உறைகளையும் தவிர்க்கவும். நாளடைவில் அவை வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர்போன்ற மென்சக்கரம் கொண்ட பழைய கிட்களில், சக்கரம் தொடும் பிளாஸ்டிக் உருகுவதும் உண்டு. இடையில் வண்ணப் பூச்சு ஒன்று இருக்கட்டும்.

தூசியைத் தூரிகையால் உடலிலிருந்து இறக்கை நுனி நோக்கித் தள்ளுங்கள். புரொபெல்லரை ஒரு விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி வார்னிஷில் புள்ளியாக நிற்கும்.

10. பதிவேடு

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பக்கம்: விகிதம், தயாரிப்பாளர், பதிவெண், உற்பத்தி வரிசை எண், எந்த ஆண்டின் தோற்றம், வாங்கிய நாள், வந்தபோது இருந்த குறைகள். குறைகளை எழுதுவது முக்கியம். இரண்டு ஆண்டு கழித்து ஒரு விரிசலைப் பார்க்கும்போது, அது முன்பே இருந்ததா, புதிதாக வளர்கிறதா என்று அந்தக் குறிப்புத்தான் சொல்லும். அதே கோணத்தில் ஆண்டுக்கு ஒருமுறை படமெடுத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

பக்கத்தின் அடியில் நான் இன்னும் ஒரு வரிக்கு இடம் விடுகிறேன்: அந்த விமானம் இப்போது எங்கே இருக்கிறது. சில அருங்காட்சியகத்தில் நிற்கின்றன, சில உதிரிப் பாகங்களாகப் பிரிந்துவிட்டன, ஒரு சில இன்றும் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுமந்து பறக்கின்றன. அந்த வரியைப் பென்சிலால்தான் எழுதுகிறேன்.